அம்மா சொன்னதையே சார்ட்டும் சொன்னது: மார்த்தா மில்ஸ் மரணமும் அதன்பின் வந்த விதியும்

2021 ஆகஸ்ட் 31 அதிகாலையில் மார்த்தா மில்ஸ் லண்டனில் இறந்தாள். காரணம் செப்சிஸ், அதாவது தொற்றுக்கு எதிராக உடம்பு எல்லை மீறி வினைபுரிந்து தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. இன்னும் சில நாள் இருந்திருந்தால் அவளுக்கு 14 வயது நிறைந்திருக்கும். நேரத்தோடு ஐசியுவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். சிகிச்சை தந்த கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையும் மன்னிப்புக் கேட்டது.

"டாக்டர் என்ன வேணா சொல்லட்டும், பெத்த மனசு சொல்றத நம்புங்க" என்ற அறிவுரை எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றுகிறது. மார்த்தாவின் அம்மா மெரோப் மில்ஸ் தன் மனசு சொன்னதை நம்பினார். வாயைத் திறந்து சொன்னார், ஒரு தடவை இல்லை, பல தடவை. பயப்படுகிற நோயின் பெயரையும், அது எப்போது முற்றும் என்று பயப்படுகிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார். பிள்ளையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே பெற்றோர் தங்கள் மனதை நம்பினால் போதும் என்ற பேச்சு இந்த நிகழ்வின் முன்னால் நிற்காது. அவர் சொன்னது எங்கே போய் நின்றது, ஏன் நின்றது என்று பார்ப்பதுதான் உபயோகம்.

விபத்து சின்னது. 2021 கோடை விடுமுறைக்கு வேல்ஸ் போயிருந்த குடும்பம். மேடு பள்ளம் இல்லாத பாதையில் சைக்கிள் மணலில் சறுக்கியது, விழும்போது ஹேண்டில்பார் வயிற்றில் இடித்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கும் உறுப்பு. முன்னாலிருந்து வேகமாக அடி விழுந்தால் அடிக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிடும். வெளியே ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் கன்றிப்போன தோல், அவ்வளவுதான் தெரியும். சைக்கிளில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை என்றாலே குழந்தை அறுவை நிபுணர்கள் கணையத்தையும் மண்ணீரலையும் நினைப்பது இதனால்தான்.

மார்த்தா விஷயத்தில் காயத்தைக் கண்டுபிடிப்பதில் கோளாறு எதுவும் நடக்கவில்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு அவளை அனுப்பினார்கள். குழந்தைகளின் கணையக் காயத்துக்கு பிரிட்டனில் உள்ள மூன்று சிறப்பு மையங்களில் அது ஒன்று. கைதேர்ந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று குடும்பம் நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதி பின்னால் எப்படி வேலை செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று யாராவது நினைத்தால், கார்டியன் பத்திரிகையில் மூத்த ஆசிரியராக இருந்த ஆங்கிலேயப் பெண்மணியான மெரோப்பே அதே எண்ணத்தில்தான் சில வாரங்களை அந்த வார்டில் கழித்தார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கல்லீரல் பிரிவு வார்டில் பல நாள் பெரிய மாற்றம் இல்லாமல் கழிந்தது. ஆகஸ்ட் பிற்பகுதியில் தொற்று வந்தது. காய்ச்சல் ஏறியது, ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்கவில்லை. பிறகு உடம்பில் செருகியிருந்த குழாய்களின் வழியே ரத்தம் கசிய ஆரம்பித்தது. ரத்தத்தில் தொற்று பரவி உறைதல் கெட்டுப்போகும்போது இப்படி ஆகும். செப்சிஸ் முற்றிக்கொண்டிருப்பதற்கான அடையாளங்களில் ஒன்று.

ஆகஸ்ட் 27 வெள்ளிக்கிழமை. மறுநாள் தொடங்கி திங்கள் வரை மூன்று நாள் விடுமுறை, 30-ஆம் தேதி இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. இந்த மூன்று நாளில் மகள் செப்டிக் ஷாக்குக்கு (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரியும் நிலைக்கு) போய்விடுவாளோ, அப்போது நீங்கள் யாரும் இங்கே இருக்க மாட்டீர்களே என்று மெரோப் டாக்டரிடம் கேட்டார். மருத்துவம் படிக்காத ஒரு தாய், நடக்கப்போவதை இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே சொன்ன நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆறுதல் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடர்ந்தது, நாடித்துடிப்பு வேகமாக இருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. உடம்பில் தடிப்பும் கிளம்பியது. அதைப் பார்த்த டியூட்டி டாக்டர் மருந்து ஒவ்வாமை என்றார். செப்சிஸ் தடிப்பாக இருக்குமோ என்று தாய்க்குப் பயம். அன்றைய பொறுப்பில் இருந்த கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) பகலிலேயே வீட்டுக்குப் போய்விட்டார், போனில் பேசினார், திரும்பி வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை. ஐசியு டாக்டரிடமும் பேசினார். ஆனால் ஐசியு குழு வார்டுக்கு வந்து பார்க்க வேண்டாம் என்றார். வந்தால் பெற்றோரின் பதற்றம் இன்னும் கூடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அம்மா பதறுகிறார் என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது. அதாவது தகவல் மேலே போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் நிலை பற்றிய தகவலாக அது போகவில்லை, அம்மாவைப் பற்றிய தகவலாகப் போனது. சமாளிக்க வேண்டிய ஒரு தொந்தரவாகப் பதற்றம் பதிவானது. பதற்றத்துக்குக் காரணமான பிள்ளையைப் போய்ப் பார்ப்பது என்ற எளிய வழி, பதற்றத்தைக் கூட்டும் என்று சொல்லித் தவிர்க்கப்பட்டது.

சார்ட்டும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தைகள் வார்டில் நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் இவற்றை அளந்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். கூட்டுத்தொகை ஒரு அளவைத் தாண்டினால் மூத்த டாக்டரையோ ஐசியு குழுவையோ கூப்பிட வேண்டும். இதற்கு முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை என்று பெயர். மார்த்தாவின் புள்ளிகள் அந்த அளவைத் தாண்டியிருந்தன. நர்ஸ்களுக்கும் கவலை இருந்தது. ஐசியுவில் படுக்கை இல்லாத நிலையும் இல்லை. ஆக அம்மாவின் மனம் ஒரு பக்கம், மருத்துவ அறிவு மறு பக்கம் என்று இங்கே எந்தச் சண்டையும் இல்லை. தாய், நர்ஸ், சார்ட் மூவரும் ஒரே பக்கம். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் வேறு பக்கம், வேறு வீட்டில்.

திங்கள் அதிகாலையில் மார்த்தாவுக்கு வலிப்பு வந்தது. அதன்பிறகுதான் ஐசியு. அங்கிருந்து கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பதில் உடலியல் பங்கும் கொஞ்சம் உண்டு. பெரியவர்களைப் போலக் குழந்தைகள் படிப்படியாக விழுவதில்லை. தொற்று முற்றும்போது பிள்ளையின் இதயம் வேகமாகத் துடித்து, ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தத்தை வெகுநேரம் தாக்குப்பிடிக்க வைக்கும். கை கால் சில்லென்று ஆகியிருக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறைந்திருக்கும், பிபி மட்டும் நார்மல் என்று காட்டும். தாங்கும் சக்தி தீர்ந்ததும் ஒரேயடியாக விழும். "பிபி நல்லாத்தானே இருக்கு" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போன பெற்றோர் எத்தனை பேரோ. குழந்தைக்கு பிபி இறங்குவது முதல் மணி அல்ல, கடைசி மணி. மார்த்தாவுக்கு அந்தக் கடைசி மணியும் அடித்துவிட்டிருந்தது.

பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பிள்ளையைச் சில நிமிடம் பார்க்கிறார். அந்த வார்டில் கன்சல்டன்ட்கள் முறைவைத்து மாறிக்கொண்டிருந்தார்கள், முழுக்க முழுக்க என் நோயாளி என்று யாருக்கும் இல்லை. நேற்றைய மார்த்தாவையும் இன்றைய மார்த்தாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒருவர்தான். பெற்றோரின் உள்ளுணர்வு என்று நாம் புனிதப்படுத்தும் விஷயத்தில் பெரும்பகுதி இந்த ஒப்பீடுதான். மாயம் ஒன்றும் இல்லை.

ஆய்வுகளும் இதைத் தாங்கி நிற்கின்றன. காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் கடுமையான தொற்றை எது காட்டிக்கொடுக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அபாய அறிகுறிகளில் பெற்றோரின் கவலையையும், 'இது சரியாகப் படவில்லை' என்று டாக்டருக்கே மனதில் தோன்றுவதையும் அது சேர்த்தது. டாக்டர்களுக்கும் உள்மனம் உண்டு, அதற்கும் மதிப்பு உண்டு. 2025-இல் மெல்பர்னிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. மொனாஷ் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ்கள் அளவீடு எடுக்கும்போதே, பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று கவலைப்படுகிறீர்களா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆமாம் என்றவர்கள் சொற்பம். ஆனால் அப்படிச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகள் ஐசியுவுக்குப் போகும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு கூடுதலாக இருந்தது. நாடி, மூச்சு போன்ற அளவீடுகள் இயல்பைவிட்டு விலகியிருப்பதைவிடப் பெற்றோரின் கவலைக்கு ஐசியுவோடு நெருங்கிய தொடர்பு இருந்தது.

மெரோப் மகளின் கதையை 2022 செப்டம்பரில் கார்டியனில் எழுதினார். மறு ஆண்டு அது தேசிய விவாதமானது. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 'மார்த்தா விதி'யை அறிவித்தது. சாராம்சம் மூன்று. நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும், நிலை எப்படி மாறுகிறது என்று தினமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஊழியர் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் 24 மணி நேரமும் ஐசியு சார்ந்த வேறொரு குழுவை அழைக்கலாம். குடும்பத்தாரும் அதே குழுவை நேரடியாக அழைக்கலாம், வார்டு சுவரில் எண் ஒட்டியிருக்கும். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, உள்நோயாளியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இது உண்டு.

மூன்றாவதில்தான் விதியின் உயிர் இருக்கிறது. போனை எடுப்பவர் அந்த வார்டின் ஆள் இல்லை. வார்டு டாக்டரின் அனுமதி தேவையில்லை, அவருடைய மனம் கோணுமோ என்று பார்க்கத் தேவையில்லை. 'வர வேண்டாம்' என்று வீட்டிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

இப்படி ஒரு வழி வேண்டும் என்று தெரிய மார்த்தா வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை இறந்தாள். சுடுநீரில் வெந்த காயத்துக்கு வந்தவள், ஆறி, வீட்டுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. தண்ணீரைக் கண்டாலே குழந்தை தவித்தது, குளிப்பாட்டும்போது ஈரத்துணியைப் பிடித்துச் சப்பியது. அம்மா சாரல் கிங் சொன்னபோது, இந்த நிலையில் பிள்ளைகள் இப்படித்தான் தாகமாக இருப்பார்கள் என்று பதில் வந்தது. பிள்ளைக்கு உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் அம்மா விடாப்பிடியாக நின்று டாக்டர்களை வரவழைத்து, குடிக்கவும் வாங்கிக் கொடுத்தார். குழந்தை தெளிந்தாள். போதைத்தன்மையுள்ள வலிமருந்து இனி வேண்டாம் என்று முடிவானது. அதன்பிறகும் அதே வகை மருந்தான மெதடோன் கொடுக்கப்பட்டது. அம்மா தடுத்தார், உத்தரவு மாறிவிட்டது என்றார்கள். இதயம் நின்றது. சாரல் கிங்கின் பேச்சைக் கேட்டுத்தான் 2005-இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனை, குடும்பத்தாரே அவசரக் குழுவைக் கூப்பிடும் முறையைக் கொண்டுவந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் இறந்த ரயன் சாண்டர்ஸுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அவன் பெயரில் 2013-இல் 'ரயன் விதி' வந்தது. 2021 ஏப்ரலில், மார்த்தாவுக்குச் சில மாதம் முன்னால், பெர்த் குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஐஸ்வர்யா அஸ்வத் என்ற ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். கேரளத்திலிருந்து போன குடும்பம். சுமார் இரண்டு மணி நேரம், பிள்ளை மோசமாகிறாள், பாருங்கள் என்று பெற்றோர் ஊழியரிடம் திரும்பத் திரும்பக் கெஞ்சினார்கள். அதுவும் செப்சிஸ். அங்கும் இப்போது அவள் பெயரில் ஒரு அழைப்பு முறை இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான் போன் எண்ணை ஒட்டுகிறது என்று எழுதினால் கடுமையாக இருக்கும். ஆனால் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. தலைவலிக்கெல்லாம் போன் வரும், ஐசியு குழு அலைந்தே ஓயும் என்று டாக்டர்கள் பயந்தார்கள். 2024 செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தில் விதி நடைமுறையில் இருந்த மருத்துவமனைகளுக்கு 573 அழைப்புகள் வந்தன. அவற்றில் சுமார் பாதி, நோயாளியின் நிலை திடீரென மோசமாவது பற்றியவை. 57 பேருக்கு ஆன்டிபயாடிக், ஆக்சிஜன் என்று சிகிச்சை மாறியது, 14 பேர் அவசரமாக ஐசியுவுக்கு மாற்றப்பட்டார்கள். நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து இரண்டு மாதத்தில் வாங்கிய அழைப்புகள் இவை. வெள்ளம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு எதிர்வாதம் எனக்கே உண்டு. பெற்ற மனம் என்ற பெயரில் தடுப்பூசியை மறுப்பவர்கள், ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்துபவர்கள், அம்மைக்கு ஆஸ்பத்திரி போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் உள்ளுணர்வைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். மெரோப், சாரல், ஐஸ்வர்யாவின் பெற்றோர் இவர்களில் யாரும் மருத்துவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை பாருங்கள், இன்னும் மேலே கூப்பிடுங்கள் என்றார்கள். பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்லும் கவலையும், பார்க்கவே வேண்டாம் என்னும் பிடிவாதமும் ஒரே பெயரில் ஒளிந்துகொள்ளக் கூடாது.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "எனக்கு பயமா இருக்கு டாக்டர்" என்றால் பதில் உங்கள் பயத்துக்கு வரும். "நேத்து ராத்திரி பத்து மணிக்கு ஒண்ணுக்குப் போனான், இப்ப மத்தியானம் ஒரு மணி, இன்னும் போகல. கூப்பிட்டா கண்ணத் திறக்கிறான், ஆனா என்னைப் பார்க்கல. காலு சில்லுனு இருக்கு" என்றால் பதில் பிள்ளைக்கு வந்தாக வேண்டும். நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்குவதை போனில் படம் எடுங்கள், தடிப்பு இருந்தால் அதையும். பிரிட்டனில் செப்சிஸ் விழிப்புணர்வு அமைப்பு பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: இது செப்சிஸாக இருக்குமா? நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: இல்லை என்றால், எதை வைத்து இல்லை என்கிறீர்கள்? மரியாதையாகவே கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், கட்டிலருகே வந்து இன்னொரு தடவை பார்ப்பார். லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ பிள்ளையோடு வார்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்துக்குக் கூச்சப்படாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், மார்த்தா விதி எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் கேட்கலாம்.

மார்த்தா விதி அட்மிட் ஆனவர்களுக்குத்தான். ஓபியில் பார்த்துவிட்டு, வைரஸ் காய்ச்சல், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டால் கூப்பிட எந்த எண்ணும் இல்லை. கிளம்பும்போதே, என்ன ஆனால், எத்தனை மணி நேரத்தில் திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது ஒன்று. அப்படி ஆனால் நிஜமாகவே திரும்பிப் போவது இரண்டாவது. இப்போதுதானே பார்த்தோம், திட்டுவார்களோ என்று பலர் விடியும்வரை காத்திருக்கிறார்கள். பிரிட்டனின் அவசர மருத்துவக் கல்லூரி (அவசரப் பிரிவு டாக்டர்களின் தொழில் அமைப்பு) வகுத்த நெறியில், வீட்டுக்கு அனுப்பிய 72 மணி நேரத்துக்குள் அதே பிரச்சினையோடு அவசரப் பிரிவுக்குத் திரும்பி வருபவரை, கன்சல்டன்ட் பார்த்த பிறகுதான் மறுபடி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதல் தடவையிலேயே அதே நெறி உண்டு.